அறுதொழிலும் சொந்தத் தொழிலும்: சிவகாசி தரும் பாடம்

கற்பக மரங்கள் மறைந்து, மக்கள் வாழும் வகை அறியாது வாடிய காலத்தில், ஆதிபகவனாகிய விருஷப தேவர் ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்று ஆதிபுராணம் கூறும். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. வாளேந்திக் காத்தல், எழுத்து வேலை, உழவு, கலை பயிற்றல், வணிகம், கைத்தொழில் என்று இவற்றைத் தமிழில் சொல்லலாம். இவ்வாறனுள் கிருஷியையே நம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நெடுங்காலம் போற்றி வந்தன. கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளில் மசியும் வித்தையும் நம் இல்லங்களில் புகுந்தன. ஆசிரியர்களாகவும் கணக்கர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் நம்மவர் பலர் நற்பெயர் பெற்றனர், அது பெருமைக்குரியதே. ஆனால், வாணிகமும் சிற்பமும் நம்மிடையே மெலிந்து போயின என்பதையும் மறைப்பதற்கில்லை.

திருமணப் பேச்சின்போது பெண் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்பதுதான். “சொந்தத் தொழில்” என்று விடை வந்தால் பேச்சு சற்றுத் தயங்கி நிற்கிறது. பகவான் கற்பித்த ஆறில் ஒன்றை மட்டும் மதிப்புடையதாகவும் மற்றவற்றைக் குறையுடையனவாகவும் நாம் எண்ணத் தொடங்கியது எப்போது? நிலமோ தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்து சுருங்குகிறது. அரசு வேலைக்கு ஆயிரவர் முட்டி மோதுகின்றனர். தேர்வு எழுதி எழுதி முப்பது வயதைத் தொட்டுவிட்ட இளைஞர் நம் ஊர்களில் இல்லையென்று எவரும் சொல்ல இயலாது. ஆகவே சொந்தத் தொழிலுக்கு வேண்டிய மனநிலை யாது, முயற்சி யாது என்று ஆராய்வது நமக்கு இன்று பொழுதுபோக்கு அன்று, தேவை.

இவ்வாராய்ச்சிக்குச் சிவகாசியை எடுத்துக்கொள்வோம். பட்டாசு என்றதும் அகிம்சை நெறியினராகிய நம்மிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தத் தயக்கம் நேர்மையானது. அதனைப் பின்னர் விரிவாகக் காண்போம். முதலில் வரலாறு.

கரிசல் பூமி

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்கள் அமைந்த நிலப்பகுதி மழை குறைந்த கரிசல் காடு. ஆற்றுப் பாசனம் என்று சொல்லத்தக்கது பெரிதாக இல்லை. பருத்தி, கம்பு, சோளம் போன்ற புன்செய்ப் பயிர்களே விளையும். வானம் பொய்த்தால் அவையும் இல்லை. இங்கு வாணிகத்தால் தலையெடுத்த நாடார் சமூகத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருந்துன்பங்களுக்கு ஆளாயினர். 1899-ஆம் ஆண்டு நிகழ்ந்த சிவகாசிக் கொள்ளை தென்மாவட்ட வரலாற்றில் ஆறாத வடு. இயற்கையும் உதவாமல் சூழ்நிலையும் உதவாமல் நின்ற அவ்வூர், கால் நூற்றாண்டுக்குள் ஒரு புதுத் தொழிலுக்குத் தாயகமாயிற்று.

1922-ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த உறவினர் இருவர், பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும், கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். தீப்பெட்டி செய்யக் கற்பதே அவர்தம் நோக்கம். அக்காலத்தில் நம் நாட்டில் எரிந்த தீக்குச்சியிற் பெரும்பகுதி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்து இறங்கியது. அதே 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டி மீதான தீர்வையை அரசு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. உள்நாட்டில் செய்வோருக்கு ஒரு வாயில் திறந்தது. வாயில் திறந்ததைப் பத்திரிகையில் படித்தவர் பலர் இருந்திருப்பர். பயணச்சீட்டு வாங்கியவர் சிலரே.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிவகாசிக்கும் கல்கத்தாவுக்கும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. மொழி வேறு, உணவு வேறு. அவ்விருவரும் வாணிபக் குடியினர். வெளிநாட்டுத் தீப்பெட்டியை வாங்கி விற்கும் முகவர்களாக இருந்து கௌரவமாகப் பொருளீட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தொழிற்கூடத்துக்குள் சென்று வேலை கற்கும் நிலையைத் தாமே ஏற்றனர். மருந்துக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் எவ்வளவு, பசை எவ்வளவு, எந்தப் பதத்தில் குச்சியைத் தோய்ப்பது, எவ்வளவு நேரம் உலர்த்துவது என்பன புத்தகத்தால் மட்டும் வருவன அல்ல. பசை நீர்த்தால் மருந்து வழியும். இறுகினால் குச்சியின் தலை திரண்டு போகும். கையும் கண்ணும் சேர்ந்து பழகினாலன்றிப் பிடிபடாத நுட்பம் அது. சில திங்கள் அங்கிருந்து பயின்று, 1923-இல் ஊர் திரும்பினர்.

சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் நம் இளைஞர் முதலில் கேட்பது, “முதல் எவ்வளவு வேண்டும்?” என்பது. அதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு: “இத்தொழிலில் ஒரு கூலியாளாக நான் சில மாதம் நிற்க முடியுமா?” பட்டம் பெற்ற பிள்ளை செக்கடியில் நின்று பிண்ணாக்கு அள்ளுவதா என்று பெற்றோர் நாணுவர். அந்த நாணம் வீட்டின் மானத்தைக் காப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில், பின்னாளில் வேலையாள் சொன்னதையெல்லாம் நம்பிக் கடையை இழக்கும் முதலாளியை உருவாக்குவது அதுவே.

வழி மாறுதல்

ஊர் திரும்பிய இருவரும் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தே தொழிலைத் தொடங்கினர். அது கட்டுப்படியாகவில்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் மடிகின்றன. ஒரு சாரார், “நமக்கு ராசியில்லை” என்று மூடிவிடுவர். மற்றொரு சாரார், போட்ட பணத்தின்மேல் கொண்ட பற்றினால் அதே வழியில் மேலும் பணத்தைக் கொட்டுவர். சிவகாசியார் இவ்விரண்டும் செய்யவில்லை. தம் ஊரில் மிகுதியாக இருப்பது எது, இல்லாதது எது என்று பார்த்தனர். மழையில்லாத ஊரில் வேலைக்கு ஏங்கும் கைகள் மிகுதி. வறண்ட காற்றும் வெயிலும் மிகுதி. குச்சி உலர இவற்றைவிட வேறென்ன வேண்டும்? இயந்திரத்தைக் குறைத்துக் கைவேலைக்கு மாறினர். சட்டத்தில் குச்சி அடுக்குதல், மெழுகிலும் மருந்திலும் தோய்த்தல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல், குச்சி அடைத்தல் என்று தொழில் சிறு சிறு வேலைகளாகப் பிரிந்தது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளுக்கே சென்றது. எதனை ஊரின் குறை என்றனரோ அதுவே முதலாயிற்று.

1926-இல் கூட்டாளிகள் இருவரும் பிரிந்து தனித்தனி ஆலை நடத்தினர். ஒருவரது அணில் மார்க்கும் மற்றவரது காக்கா மார்க்கும் நாடறிந்த பெயர்களாயின. “அணில்” அய்ய நாடார், “காக்கா” சண்முக நாடார் என்றே மக்கள் வழங்கினர். கூட்டு வாணிபம் பிரிந்தால் குடும்பமே பிரிந்து நீதிமன்றம் ஏறுவதைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிக்கும். பிரிவினால் தொழில் இரண்டாயிற்று, பிறகு பலவாயிற்று. சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, நம் வடபகுதியில் குடியாத்தம் வரை தீப்பெட்டித் தொழில் வந்து சேர்ந்தது.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சுக்கூடம் எழுந்தது. அச்சுக்கூடத்துக்கு ஆண்டு முழுதும் வேலை வேண்டுமே. நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல், வாழ்த்து மடல் என்று அது வளர்ந்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் அடியில் சிவகாசி என்ற பெயரைக் காணாதவர் அரியர். மருந்துக் கலவை பழகிய கை மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் சென்றது. வெடிபொருள் விதிகள் 1940-இல் வந்து, உரிமம் பெற்ற ஆலைகள் என்ற முறை அமைந்தது. உலகப் போரால் வெளிநாட்டுச் சரக்கு வரத்துக் குறைந்தது இவ்வூராருக்கு வாய்ப்பாயிற்று. ஒரு தொழிலின் தேவையே அடுத்த தொழிலின் விதை என்பதைக் கவனிக்க. எங்கோ இருக்கும் புதுமையைத் தேடி அலைவதைவிட, நம் ஊரில் நடக்கும் தொழிலுக்கு என்ன பொருள் வெளியூரிலிருந்து வருகிறது என்று பார்ப்பவன் விரைவில் வழி காண்பான். ஜவகர்லால் நேரு இவ்வூரைக் குட்டி ஜப்பான் என்று அழைத்ததாகச் சொல்வர்.

மனநிலை மட்டும் போதுமா?

முயன்றால் முடியாதது இல்லை என்று மேடையில் முழங்குவோர் பாதி உண்மையையே சொல்கின்றனர். தீர்வை உயராவிடில் சிவகாசியின் தீப்பெட்டி சுவீடன் பெட்டியோடு போட்டியிட்டிருக்க இயலாது. வெளிநாட்டு மூலதனத்தில் இயங்கிய விம்கோ போன்ற பெரிய இயந்திர ஆலைகள் இந்நாட்டிலேயே தோன்றிய பின்னரும் கைவேலைத் தீப்பெட்டி பிழைத்திருந்ததற்கு, அதன்மேல் ஆயத்தீர்வை குறைவாக வைக்கப்பட்டதும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உண்டு. அது நம் சமுதாயத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. விருதுநகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உறவின்முறை என்ற அமைப்பு இருந்தது. வாணிபத்தில் கைமாறும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகை மகமையாக எடுத்துப் பொதுநிதியாகச் சேர்ப்பர். அவ்வாறு திரண்ட நிதியால்தான் 1889-ஆம் ஆண்டு விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. 1903-இல் அவ்வூரில் பிறந்த காமராசர் பயின்ற பள்ளி அது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறியது. ஒருவன் தனியே எழுந்தான் என்று கதை சொல்வது எளிது. அவன் கீழே விழுந்தால் தாங்க ஒரு வலை விரிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் ஆலயத் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கிறோம். அது புண்ணியச் செயல். தொழில் தொடங்கும் பிள்ளைக்குக் கைம்மாற்று நிதி ஒன்று நம் ஊர்ச் சங்கங்களில் எத்தனையில் இருக்கிறது?

பொறுமையும் ஒரு முதல். பட்டாசு ஆண்டு முழுதும் செய்யப்பட்டுத் தீபாவளியை ஒட்டிய சில நாட்களில் விற்பனையாகும் பண்டம். போட்ட பணம் திரும்பப் பல மாதம் ஆகும். மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கிப் பழகிய வீட்டில் இந்தக் காத்திருப்பு தாங்க முடியாததாகத் தோன்றும். ஆகையால் தொழில் தொடங்குமுன், வரவே இல்லாமல் எத்தனை மாதம் இல்லம் நடக்கும் என்று மனைவியோடும் பெற்றோரோடும் அமர்ந்து கணக்கிட வேண்டும். தொழிற்பணமும் வீட்டுப் பணமும் ஒரே பெட்டியில் கிடந்தால் இரண்டுமே தேறா.

கொடுத்த விலை

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த தயக்கத்துக்கு வருவோம்.

சிவகாசியின் வெற்றிக்குப் பிறர் கொடுத்த விலை பெரிது. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவர் சிறுமியர் விடியுமுன் ஆலைப் பேருந்தில் ஏறிச் சென்று தீப்பெட்டி அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அபாயத் தொழிலில் சிறுவரை வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நலநிதியிற் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. வெடி விபத்துகளோ இன்றளவும் நின்றபாடில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து ஏறத்தாழ 40 உயிர்கள் மாய்ந்தன. ஓர் அறைக்குள் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதிகள் உள்ளன. பண்டிகை நெருங்கும்போது, இன்னும் கொஞ்சம் செய்துவிடலாம் என்ற ஆசை அவ்விதிகளை மீறச் செய்கிறது. முயற்சி என்று நாம் புகழும் அதே வேகம், எல்லை அறியாதபோது பிறர் உயிரை எரிக்கிறது.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காக வகுத்தனர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை முற்றும் விட வேண்டும். தொழிலால் நேரும் உத்தியோக இம்சை இல்லறத்தானுக்குத் தவிர்க்க இயலாதது. ஆயினும் இயன்றவரை குறைக்க வேண்டுவது. இதனால்தான் ஆசாதரரின் சாகார தர்மாமிர்தம் போன்ற சிராவக ஒழுக்க நூல்கள், நெருப்பை முதலாகக் கொண்டவை, நஞ்சு விற்றல் முதலிய பதினைந்து கொடுந்தொழில்களை விலக்கக் கூறின. தொழில் தேர்வே விரதத்தின் ஒரு பகுதி. எனவே நாம் சிவகாசியாரிடம் கற்க வேண்டியது அவர்தம் துணிவையும் பணிவையும்; பண்டத்தை அன்று. இதனைச் சொல்வது அங்குக் கூலிக்கு உழைக்கும் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களைக் குறை கூறுவதாகாது. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை, நமக்கு உண்டு.

அத்தொழிலும் இன்று நெருக்கடியில் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்களைத் தடைசெய்து, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கே வழிவிட்டது. தீப்பெட்டியோ, 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாயாயிற்று. மலிவு விலை லைட்டர்கள் அதன் இடத்தைப் பிடிக்க, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடைசெய்தது. அன்று தீர்வையால் பிறந்த தொழில் மீண்டும் அரசின் கையைப் பார்த்து நிற்பதைக் காண்கிறோம்.

நமக்கு ஏற்றவை

நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு சிவகாசியைவிட விருதுநகரே. பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் ஆகியவற்றின் சந்தையாகவே அவ்வூர் பெயர் பெற்றது. அவை அவ்வூர் நிலத்திலேயே விளைந்தவை அல்ல. பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவையே. வாங்கும் நேரம், சேமிக்கும் முறை, தரம் பிரிக்கும் கண், சொன்ன சொல் தவறாமை ஆகியவையே அங்கு மூலதனம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் நம் நிலத்திலேயே விளைகின்றன. அவற்றை மூட்டையாக விற்றுவிட்டு, அரிசியாகவும் எண்ணெயாகவும் கடையில் வாங்குகிறோம்! இடையிலுள்ள இலாபம் யாருடையது என்று எண்ணியதுண்டா? செக்கு எண்ணெய், பருப்பு உடைத்தல், சிறுதானிய மாவு, வந்தவாசிக் கோரைப்பாய் வாணிபம், அச்சுத் தொழில், கணக்குப் பணி, பழுது பார்க்கும் நிலையம் என இம்சை குறைந்த வழிகள் பல உள. ஆரணி என்றால் பட்டு நினைவுக்கு வரும். கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் பட்டு நமக்கு ஏற்றதன்று. பருத்தி நெசவு உண்டு.

வாணிபம் செய்வோருக்கு நம் தத்துவார்த்த சூத்திரத்தைவிட நல்ல வழிகாட்டி தேட வேண்டியதில்லை. களவாமை விரதத்துக்கு உரிய ஐந்து குற்றங்களாக அது கூறுவன: களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசு விதியை மீறி வாணிபம் செய்தல், அளவையும் நிறையையும் கூட்டிக் குறைத்தல், கலப்படம் செய்து விற்றல். எண்ணெய்க் கடைக்காரன் ஒருவன் இவ்வைந்தையும் ஒழித்தால் அவனுக்கு வேறு விளம்பரம் வேண்டுமா? முதல் இரண்டு ஆண்டு அவன் அடுத்த கடைக்காரனைவிடக் குறைவாகவே சம்பாதிப்பான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலப்படக்காரன் விலையைக் குறைப்பான், இவனால் இயலாது. அந்த இரண்டு ஆண்டைத் தாங்கும் மனமும் கைப்பொருளும் இருந்தால் மட்டுமே இறங்குக. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் உடையவனுக்கு இக்காத்திருப்பு மற்றவரைவிடச் சற்று எளிது. முதலாண்டிலேயே மாடி வீடு கட்ட வேண்டும் என்ற அரிப்பு அவனுக்கு இராது.

பணத்துக்கு வழி தேடுவோருக்கு ஒரு செய்தி. சமணர் 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். 2008-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின் விதிகள் சிறுபான்மையினரைச் சிறப்புப் பிரிவில் சேர்த்தன. அப்பிரிவினர் திட்ட மதிப்பில் 5 விழுக்காடு சொந்தப் பணம் இட்டால் போதும். மானியம் நகர்ப்புறத்துக்கு 25 விழுக்காடு, கிராமப்புறத்துக்கு 35 விழுக்காடு என்று வகுக்கப்பட்டது. மானியம் உடனே கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக நின்று பின்னரே கடனில் வரவு வைக்கப்படும். மது, புகையிலை, உயிர்க்கொலை சார்ந்த தொழில்களுக்கு அத்திட்டத்தில் தொடக்கத்திலேயே இடமளிக்கப்படவில்லை என்பது நம்மவர்க்கு உவப்பான செய்தி. விண்ணப்பிக்குமுன் அப்போதைய விதிகளை உறுதிசெய்துகொள்ள, அந்தந்த மாவட்டத் தலைநகரிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தை நேரில் அணுகுதல் நலம். போகும்போது, அத்தொழில் நடக்கும் இடத்தில் சில வாரமாவது நின்று தாமே எழுதிய வரவு செலவுக் குறிப்பொன்றையும் உடன் கொண்டு செல்க. மூலப்பொருள் என்ன விலை, நூறு கிலோவுக்குச் சேதாரம் எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் கடனுக்குச் சரக்கு போகிறது என்று அலுவலரும் வங்கி மேலாளரும் இவற்றைத்தான் கேட்பர்.